இரண்டாவது முடிச்சு

அவளுக்கு இரண்டு பட்டப்பெயர்கள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் அக்கா. குடியிருக்கும் கட்டிடத்தில் எறும்பக்கா. இரண்டாவது பெயரை யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். எல்லாரும் நேரேதான் சொன்னார்கள். அந்த நேரத்தில் அவள் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

கடையில் அவளுக்கு உள்ளறை வேலை. சீட்டில் எழுதியிருக்கும் பவருக்கு லென்ஸை எடுத்து, அச்சு சரிபார்த்து, சட்டத்தின் வடிவத்துக்கு விளிம்பை அரைத்துப் பொருத்த வேண்டும். பதினான்கு வருஷமாக அதே நாற்காலி. அச்சு நாலைந்து டிகிரி திரும்பினாலும் போட்டுக்கொள்பவருக்குப் படிக்கட்டு சாய்ந்து தெரியும். அவள் கையால் போன கண்ணாடி புகாரோடு திரும்பி வந்தது அபூர்வம்.

எறும்புப் பழக்கமும் அந்த மேஜையில்தான் தொற்றியது. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு மதியம், கீறல் பார்ப்பதற்காக ஒரு லென்ஸை உருப்பெருக்கியின் கீழ் வைத்திருந்தாள். அதன் மேல் ஓர் எறும்பு ஏறியது. நடுவில் நின்று, முன்காலால் உணர்கொம்பை இழுத்து இழுத்துத் துடைத்தது. மழையில் நனைந்த கண்ணாடியை ஒருவர் சட்டை நுனியில் துடைப்பதுபோல் இருந்தது. அன்று மாலை இரண்டு லென்ஸ்கள் அரைபடாமல் கிடந்தன. அடுத்த வாரம் அவள் ஒரு நோட்டு வாங்கினாள்.

வீட்டிலிருந்து கடைக்குப் பத்து நிமிட நடை. அந்தப் பத்து நிமிடத்துக்குள் இருபத்து மூன்று வகை எறும்பு இருப்பதாக நோட்டு சொல்லும். பார்த்த இடம், நேரம், நீளம், நிறம், உணர்கொம்பில் எத்தனை துண்டு, இடுப்பில் எத்தனை முடிச்சு. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே அந்தக் குறுகிய இடுப்பில் ஒரு முடிச்சு இருக்கும், அல்லது இரண்டு இருக்கும். எறும்பை அடையாளம் காண்பது அங்கேதான் தொடங்கும். அவளிடமிருந்த எறும்புப் படப் புத்தகம், அந்தப் பக்கத்துப் பெரிய ஒரு முடிச்சுக்காரிகள் கடிக்குமே தவிரக் கொட்டாது என்றது. இரண்டு முடிச்சு என்றால் கொடுக்கு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் விரலை நீட்ட வேண்டும்.

"எறும்பு தின்னா கண்ணு நல்லாத் தெரியும்பாங்க. நீ பாட்டுக்கு வளத்து விக்க ஆரம்பிச்சா நான் கடைய மூட வேண்டியதுதான்" என்பார் முதலாளி. வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்வார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

வீட்டில் அவளோடு தம்பியும் தம்பி மனைவியும் இருந்தார்கள். தம்பி லிஃப்ட் பழுது பார்ப்பவன். தம்பி மனைவிக்கு ஏழாவது மாதம். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த முதல் நாளே அவள், அலமாரியில் வரிசையாக இருந்த சோதனைக் குழாய்களைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"அண்ணி, உங்க எறும்பெல்லாம் கொட்டுமா?"

கேட்ட விதத்தில் விளையாட்டு இல்லை. பன்னிரண்டு வயதில் தோட்டத்தில் ஏதோ ஓர் எறும்பு அவளை ஒரே ஒரு முறை கொட்டியிருக்கிறது. கால் மணி நேரத்தில் உதடும் கண்ணும் வீங்கி, மூச்சுக்குழல் அடைத்து, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்திருக்கிறாள். இன்னொரு முறை கொட்டினால் இதைவிட மோசமாகலாம், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த எறும்பு எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஆகவே எல்லா எறும்புக்கும் பயந்தாள்.

"கொட்டாது. கடிக்கும், அவ்வளவுதான். கொட்டுறத வீட்டுக்குள்ள கொண்டு வரமாட்டேன். இது சத்தியம்" என்றாள் அக்கா. அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. அதனால் அவள் சொன்னதை அந்த வீட்டில் யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

எட்டு வாரத்துக்கு முன் ஒரு காலையில், பால்கனியில் துணி காயப்போடும் மூங்கில் கம்புக்கு நேர் கீழே, இறகு உதிர்த்த ராணி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கறுப்புத் தலை, கறுப்பு வயிறு, நடுவில் ஆரஞ்சு. அவளுடைய இருபத்து மூன்றில் அது இல்லை. குழாயில் தண்ணீர் ஊற்றி, பஞ்சால் அடைத்து, ராணியை விட்டு, மறுபக்கமும் பஞ்சு வைத்தாள். குழாய்ச் சுவர் வழியாகவே ஒரு பார்வை பார்த்து எழுதினாள்: "பால்கனி, கம்புக்குக் கீழே, காலை 7.10. ஒரு முடிச்சு." பிறகு சிவப்புக் காகிதம் சுற்றி இருட்டில் வைத்துவிட்டாள். குடித்தனம் தொடங்கும் ராணியை அடிக்கடி திறந்து பார்த்தால் அது மிரண்டு தன் முட்டையைத் தானே தின்றுவிடும். வளர்க்கிறவர்களின் முதல் பாடம் அது. பொறுமை அவளுக்குப் பிறவிக்குணம்.

எட்டு வாரம் பொறுத்து, ஒரு மாலை காகிதத்தைப் பிரித்தபோது ஏழு வேலைக்கார எறும்புகள் பிறந்திருந்தன. மூடியில்லாத ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் குழாயை வைத்துப் பஞ்சை எடுத்தாள். எறும்பு ஏறி வந்தால் வழுக்கி விழட்டும் என்று பெட்டி விளிம்பில் முகப்பவுடரைக் குழைத்துப் பூசியிருந்தாள். பவுடர் தம்பி மனைவியுடையது. "என் பவுடர் உங்க எறும்புக்கா? சரி, அதுங்களாவது சிவப்பழகா இருக்கட்டும்" என்று அவள்தான் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். ஒரு வேலைக்காரி தேன் குடிக்கும்போது அக்கா படம் எடுத்து, எறும்பு வளர்ப்பவர்களின் குழுவில் போட்டாள்.

மறுநாள் மதியம், கடையின் உள்ளறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபோனைப் பார்த்தாள். அந்தக் குழுவில் ஆறுகால் என்ற பெயரில் எழுதுகிறவர் ஒருவர் உண்டு. ஆளை யாரும் பார்த்ததில்லை. எறும்பு விஷயத்தில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அவர் எழுதியிருந்தார்:

"லென்ஸ் அக்கா, இடுப்ப இன்னொரு தடவ எண்ணுங்க. படத்தைப் பெருசாக்கிப் பாருங்க."

பெருசாக்கினாள். தேன் சொட்டுக்குப் பின்னால் இடுப்பு தெளிவாகத் தெரிந்தது. ஒரு முடிச்சு. அதற்குப் பின்னால், சின்ன இடைவெளி விட்டு, இன்னொரு முடிச்சு.

அவள் வாயிலிருந்த சோறு அப்படியே நின்றது.

"இது கொட்டுமா?" என்று எழுதினாள்.

"கொட்டுமாவா? நான் ஒரு தடவ வாங்கியிருக்கேன். ரெண்டு நாள் கை என்னுது இல்ல. சிலருக்கு உடம்பு ஒத்துக்காது, ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்காங்க. மூடி போட்ட பெட்டியிலதானே வெச்சிருக்கீங்க?"

"இல்ல. விளிம்புல பவுடர் பூசியிருக்கேன்."

பதில் வர அரை நிமிஷம் ஆனது. "அக்கா, இது மரத்துல வாழற சாதி. இலை மேலயும் ஏறும், கண்ணாடி மேலயும் ஏறும். பவுடர் ஈரம் குடிச்சா உதிர்ந்துடும். இப்பவே வீட்டுக்குப் போங்க."

அவள் எழுந்தாள். எப்படித் தவறியது என்று அந்த நேரத்திலும் மனம் கேட்டது. பதில் மேஜை மேலேயே கிடந்தது. முதலாளியின் சீட்டில் சிலிண்டர் பவர் எழுதிய ஒரு ஜோடி லென்ஸ். ஒரு திசையில் மட்டும் வளைந்த கண்ணாடி, பார்க்கும் பொருளை அந்தத் திசையில் மட்டும் பெருக்கும். உருண்டையான குழாயும் அதேதான். ராணி ஈரப் பஞ்சை ஒட்டி நீளவாக்கில் படுத்திருந்தாள். தடித்த குழாய்ச் சுவரும் அதன் மேல் படிந்த நீர்த்திரையும் அவளைக் குறுக்கே அகலமாக்கிக் காட்டியிருக்கின்றன. மெலிந்த இடுப்பு தடித்துத் தெரிந்தது, இரண்டு முடிச்சு ஒன்றாகத் தெரிந்தது. பதினான்கு வருஷமாக ஊருக்கெல்லாம் சிலிண்டர் அரைத்துக் கொடுத்தவள், தன் கையிலிருந்த சிலிண்டர் வழியாகப் பார்த்துவிட்டு சத்தியம் செய்திருக்கிறாள்.

தம்பி மனைவிக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்து நின்றது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. தம்பிக்குப் போட்டாள். லிஃப்ட் குழிக்குள் இருந்தால் அவனுக்குச் சிக்னல் கிடைக்காது. குழிக்குள்தான் இருந்தான்.

"சாப்பாட்ட வெச்சுட்டு எங்க ஓடற? நாலு மணிக்கு அந்த ஆளு கண்ணாடிக்கு வந்து நிப்பாரு" என்றார் முதலாளி.

"வீட்ல எறும்பு வெளிய வந்திருக்கும்னு நினைக்கிறேன்."

"எறும்பு வெளிய வராம ஆபீசுக்கா போகும்?" என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "சரி, போ. அவருகிட்ட நான் சொல்லிக்கறேன்."

இருவருக்கும் மாறி மாறி ஃபோன் போட்டுக்கொண்டே, பத்து நிமிட வழியை அவள் ஐந்தில் கடந்தாள். அன்று முதன்முறையாகத் தரையைப் பார்க்காமல் நடந்தாள். படுத்திருப்பவளின் கழுத்தில் ஊர்வதாக, புரண்டு படுக்கும்போது நசுங்குவதாக, நசுங்கும்போது கொட்டுவதாக மனம் வரிசையாகப் படம் போட்டது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அதிலும் அடுத்தவள் மடியில். மூன்றாம் மாடி வரை படி ஏறிச் சாவியைப் போட்டபோது அது இரண்டு முறை வழுக்கியது.

படுக்கையறையில் ஆள் இல்லை. தலையணை மேல் ஃபோன் கிடந்தது. திரையில் அவள் அழைத்த அழைப்புகள் மட்டும்.

தன் அறைக்குள் ஓடிப் பெட்டியைப் பார்த்தாள். ஒரு மூலையில் பவுடர் விரலகலத்துக்கு உதிர்ந்திருந்தது. எண்ணினாள். ஆறு. ஓடிக்கொண்டே இருப்பதை எண்ணுவது எப்போதும் கஷ்டம், ஒன்றையே இரண்டு தரம் எண்ணிவிடுவோம். மறுபடி எண்ணினாள். ஐந்து. ஃபோனில் படம் எடுத்து அதில் எண்ணினாள். ஆறு. நேற்று ஏழு.

பால்கனியில் துணி உதறும் சத்தம் கேட்டது.

நாலு நாள் மழைக்குப் பிறகு அன்றுதான் வெயில். தம்பி மனைவி கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, பழைய போர்வையைக் கிழித்துத் தைத்த சின்னச் சின்னத் துணிகளை மூங்கில் கம்பில் போட்டுக்கொண்டிருந்தாள். இடது கை கம்பைப் பிடித்திருந்தது. அந்தக் கைக்கு ஒரு சாண் தள்ளி, கம்பின் மேல், கறுப்புத் தலையும் ஆரஞ்சு நடுவுமாக ஒன்று வந்துகொண்டிருந்தது.

"அசையாதே" என்றாள் அக்கா. குரல் மெதுவாகத்தான் வந்தது.

"என்ன அண்ணி, கடை லீவா?"

"அசையாதேன்னேன். கம்புல இருக்கற கைய அப்படியே வெச்சுக்க. திரும்பாதே."

தம்பி மனைவி திரும்பவில்லை. தோள் மட்டும் இறுகியது. "எறும்பா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"உங்களுதா?"

அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். எறும்பு விரல் நுனியை உணர்கொம்பால் தட்டிப் பார்த்துவிட்டு விரல் மேல் ஏறியது. ஊதக்கூடாது, மூச்சுக்காற்று பட்டால் சீறும். தட்டக்கூடாது, தட்டினால் நிச்சயம் கொட்டும். பாதை போட்டுக் கொடுத்தால் தானே இறங்கிவிடும். இதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். தன் ஆட்காட்டி விரலை அவள் மணிக்கட்டுக்கு முன்னால் பாலம்போல் வைத்தாள். எறும்பு மணிக்கட்டு வரை வந்து நின்றது. முன்காலால் உணர்கொம்பைத் துடைத்தது. எதிர்வீட்டில் யாரோ பாத்திரம் கழுவினார்கள். தம்பி மனைவியின் வயிறு மட்டும் மூச்சுக்கு ஏறி இறங்கியது.

பிறகு எறும்பு பாலத்தில் ஏறியது.

"உள்ள போ. கதவச் சாத்திக்க."

எறும்பு தன் உள்ளங்கைக்குள் இறங்கியபோது அக்கா விரல்களை மூடினாள். அப்போது அது கொட்டியது. அணைத்த தீக்குச்சியைத் தோலுக்குள் செருகியதுபோல் இருந்தது. கையை உதறவில்லை. சட்டைப்பையிலிருந்த லென்ஸ் டப்பாவுக்குள் அதைத் தட்டி மூடிய பிறகுதான் கண்ணில் தண்ணீர் வந்தது. அது வலியால் வந்ததில்லை. அதே கொடுக்கு அந்த மணிக்கட்டில் இறங்கியிருந்தால் என்று நினைத்ததால் வந்தது.

ஏழாவது கிடைத்துவிட்டது. பெட்டிக்குள் அதைக் கொட்டி, மேலே ஒரு கனமான கண்ணாடித் தட்டை வைத்து மூடினாள். முடிந்தது என்று நினைத்து, உட்கார்ந்து, வீங்கிக்கொண்டிருந்த கையைப் பார்த்தாள்.

பெட்டிக்குள் சண்டை நடந்தது.

ஆறும் சேர்ந்து புதிதாக வந்ததைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. அது அவற்றைவிட ஒன்றரை மடங்கு பெரியது. எறும்பு தன் வீட்டு ஆளை வாசனையில் அறியும். தங்கையை இப்படி இழுக்காது. குழாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு புழுவை வாயில் கவ்விக்கொண்டு, ஏழாவது பத்திரமாக இருந்தது.

அப்படியானால் இது யார்?

நோட்டை எடுத்தாள். "பால்கனி, கம்புக்குக் கீழே, காலை 7.10." எட்டு வாரமாக அந்த வரி அங்கேதான் இருந்தது. ராணி எங்கிருந்து வந்தாள் என்று அவள் ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. பால்கனிக் கண்ணாடிக் கதவு வழியாகக் கம்பைப் பார்த்தாள். வலது முனையில் கணுவுக்குப் பக்கத்தில் பென்சில் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பின்னால் இன்னொன்று. மூங்கிலுக்குள் எத்தனை இருக்கும்? நூறா, இருநூறா? ஈரத்துணி பட்டும், கை பட்டும், அவை இத்தனை நாள் எப்படிச் சும்மா இருந்தன?

நோட்டை மூடி எழுந்தாள். கூடத்தில் தம்பி மனைவி நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். முடிச்சு, குழாய், சிலிண்டர், கம்பு. அவ்வளவு நீளமாக அவள் பேசி அந்த வீடு கேட்டதில்லை. "கொட்டாதுன்னு சத்தியம் பண்ணேன். சரியாப் பாக்காம பண்ணிட்டேன்" என்று முடித்தாள்.

தம்பி மனைவி தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள்.

"ஒரு வருஷமா அந்தக் கம்புலதான் நான் துணி போடறேன், அண்ணி."

"தெரியும்."

"தினம். ரெண்டு வேளை."

"தெரியும்."

"நீங்க எறும்பு வளக்காம இருந்திருந்தா இன்னிக்கு யாரு என்னை அசையாதேன்னு சொல்லியிருப்பாங்க?" என்று கேட்டாள். அது மன்னிப்புபோல் ஒலிக்கவில்லை. பயந்துபோனவள் கணக்குப் போட்டுப் பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு சொன்னாள், "ஆனா அந்தப் பெட்டி இங்க வேணாம்."

"வேணாம்."

தம்பி மூன்று மணிக்கு வீடு வந்தான். குழியிலிருந்து ஏறியதும் பதினொரு அழைப்புகளைப் பார்த்து, பிரசவ வலியென்று நினைத்து, கிரீஸ் கையோடு ஓடிவந்திருந்தான். விஷயத்தைக் கேட்டுச் சுவரில் சாய்ந்தான்.

"மருந்தடிச்சுடலாமே, அக்கா?"

"அடிச்சா அத்தனையும் வெளிய வரும். கதவிடுக்கு வழியா உள்ள வரும்."

"அப்ப என்னதான் பண்றது?"

அவளுக்கு ஒரே வழிதான் தெரியும். இத்தனை வருஷம் விரல் நீளக் குழாய்க்குச் செய்ததைக் கம்புக்குச் செய்தார்கள். முழுக்கைச் சட்டை, கையுறை, கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகி, அவள் மட்டும் பால்கனிக்குப் போனாள். ஈரப் பஞ்சை உருட்டி ஓட்டையில் திணித்தாள். உள்ளே ஏதோ பஞ்சை இழுப்பது விரல் நுனியில் தெரிந்தது. மேலே தம்பியின் கறுப்பு டேப்பைச் சுற்றினாள். இரண்டு முனைகளையும் அப்படியே அடைத்தாள். கம்பைக் கொக்கியிலிருந்து கழற்ற இருவர் வேண்டும். தம்பி வந்து மறுமுனையைப் பிடித்தான்.

"பத்து மாடி உயரத்துல கயித்துல தொங்கியிருக்கேன். இப்படி நடுங்கினதில்ல" என்றான்.

"பேசாம நட. இடிக்காதே."

மூன்று மாடிப் படியிலும் ஒவ்வொரு திருப்பத்திலும் கம்பு சுவரில் தட்டிவிடுமோ என்று நின்று நின்று இறங்கினார்கள். கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "எறும்பக்கா, கம்ப எங்க கொண்டு போறீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் அந்தப் பெயர் அவள் காதில் விழுந்தது. கட்டிடங்கள் முடியும் இடத்தில் ரயில் பாதையோரப் புதர்க்காடு. கம்பை அங்கே கிடத்தினார்கள். பஞ்சை எடுத்துவிட வேண்டுமே என்று தம்பி பயந்தான். வேண்டாம் என்றாள்; டேப்பை மட்டும் உரித்தாள். பஞ்சை அவை இழை இழையாகப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும். பெட்டியிலிருந்த பெரியதைக் கம்புக்குப் பக்கத்தில் விட்டாள்; மற்ற ஏழையும் ராணியையும் நூறடி தள்ளி, பட்டுப்போன ஒரு மரத்தின் பொந்தில் விட்டாள்.

வீடு திரும்பும்போது தம்பி சீட்டியடித்தான். அவளுக்கு மட்டும் பாதி வழியில் கால் நின்றது.

"என்னக்கா?"

"வேட்டைக்குப் போனதுங்க இருக்கும். இருட்டறதுக்குள்ள வீட்டுக்கு வரும். வீடு இருக்காது."

வந்தன. ஐந்து மணிக்கு முதல் எறும்பு, பால்கனிச் சுவரில் ஏறி, கம்பு தொங்கிய இரும்புக் கொக்கி வரை வந்து, கொக்கியின் நுனியில் நின்றது. திரும்பியது. மறுபடி நுனிக்கு வந்தது. அக்கா பால்கனியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஈரத் தூரிகையால் ஒவ்வொன்றாகத் தொட்டெடுத்துக் குழாய்க்குள் விட்டாள். கொட்டுப்பட்ட கை இலவம்பஞ்சுத் தலையணைபோல் வீங்கியிருந்ததால் இடது கையால் செய்ய வேண்டியிருந்தது. ஒன்றைத் தவறவிட்டால் அது நாளைக்கு எந்தத் துணியில் இருக்கும் என்ற நினைப்பு போகவில்லை.

பின்னால் கண்ணாடிக் கதவில் தட்டும் சத்தம். தம்பி மனைவி உள்ளே, கதவை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் அக்காவின் உருப்பெருக்கி.

"அதை எனக்குக் காட்டுங்க" என்றாள், கண்ணாடிக்கு அப்பால் இருந்து.

"வேணாம்மா. நீ போய்ப் படு."

"எது கொட்டும்னு தெரியாமத்தான் எல்லாத்துக்கும் பயந்து சாகறேன். ஒண்ணுக்கு மட்டும் பயந்துக்கறேனே."

அக்கா தூரிகையைக் கீழே வைத்தாள். பிறகு ஓர் எறும்பைச் சின்னத் தட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டு, இறுக மூடி, கதவின் மேல் வைத்துப் பிடித்தாள். தட்டையான கண்ணாடி, தட்டையான கதவு. நடுவே வளைவு எதுவும் இல்லை என்று விரலால் ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

தம்பி மனைவி உருப்பெருக்கியைக் கதவில் பதித்து, வெகுநேரம் பார்த்தாள்.

"ஒண்ணு" என்றாள். மூச்சு கண்ணாடியில் படிந்து மறைத்தது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். "ரெண்டு."

அன்று பதினேழு. மறுநாள் ஒன்பது. மூன்றாம் நாள் இரண்டு. அதற்குப் பிறகு ஐந்து நாள் எதுவும் வரவில்லை. துணி கூடத்திலேயே காய்ந்தது. தம்பி ஓர் அலுமினியக் குழாய் வாங்கி வந்தான். அதன் இரண்டு வாயையும் அக்கா ரப்பர் மூடியால் அடைத்தாள்.

அதன் பிறகும் தினம் காலையில் அவள் கடைக்குக் கிளம்பும் முன் பால்கனிக்குப் போய், குழாயின் இரு முனைகளையும் கொக்கிகளையும் உருப்பெருக்கி வைத்துப் பார்த்துவிட்டு வருவாள். ஒன்றுமில்லை என்று சொன்னால் மட்டும் போதாது. தம்பி மனைவி வாளியோடு வந்து, வாசற்படியிலேயே நின்று, உருப்பெருக்கியை வாங்கித் தானும் ஒரு தரம் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் முதல் துணி குழாயில் விழும்.